புதுப்பிப்பு: கோடை விடுமுறைக்குக் கேட்ட த்ரில்லர் நாவல்கள்

ப்ளஸ் ஒன் முடித்த மகள் மே மாத விடுமுறையில் தமிழில் படிக்க த்ரில்லர் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கொடுத்தது அகதா கிறிஸ்டியின் 1939 நாவல், தீவில் மாட்டிக்கொண்ட பத்துப் பேர் கதை. மொழிபெயர்ப்பில் பெயர்கள் குழம்பி, பாதியில் வைத்துவிட்டாள். கைகொடுத்தது சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’தான். பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் (சுஜாதாவின் பல கதைகளில் வரும் துப்பறியும் வக்கீல்கள்) முட்டிக்கொள்ளும் இடங்களைப் பாட்டிக்கு உரக்க வாசித்தே காட்டினாள். வசந்தின் ஜொள்ளு வசனங்கள் இன்றைக்குக் கொஞ்சம் நெளியவைக்கும். கொடுக்குமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

எதிர்பாராதது: இருட்டியதும் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போக மாட்டேன் என்றுவிட்டாள், பாட்டியும்தான்! அப்புறம், கணேஷ்-வசந்த் கதைகளுக்கு வரிசை தேவையில்லை, எதிலிருந்தும் தொடங்கலாம்.