கிளாக்கோமாவுக்குன்னு தனி டாக்டர் நம்ம ஊருக்குத் தேவையா?

பர்கூர்க்காரன்:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில கண் பிரிவுக்கு உதவிப் பேராசிரியர் தேடுறாங்க. எம்.எஸ். முடிச்சு, கிளாக்கோமாவுல (பெரும்பாலும் கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி பார்வை நரம்பு தேயற நோய்) ஃபெல்லோஷிப், அதாவது தனிப் பயிற்சி, பண்ணியிருக்கணும், பி.ஜி. பசங்களுக்குச் சொல்லித் தரணும், ஆராய்ச்சியும் பண்ணணுமாம். கண்புரைக்கே முகாம் வண்டி ஏறிப் போற ஜனம் நாம. ஒரே ஒரு நோய்க்கு ஒரு ஆளா? பொதுக் கண் டாக்டரைப் போட்டா எல்லாத்தையும் பார்ப்பார்ல?

கண்ணாடிக்காரி:
நான் கண் மருத்துவ பி.ஜி. ரெண்டாம் வருஷம். கண்புரையால போன பார்வை ஆபரேஷன்ல திரும்பிடும். கிளாக்கோமாவுல நரம்பு செத்தா செத்ததுதான். சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாமே மிச்சத்தைக் காப்பாத்தத்தான். பெரும்பாலும் வலியே இருக்காது. ஓரப் பார்வைதான் முதல்ல போகும், பஸ் போர்டு நல்லாத் தெரியும். அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட வருவாங்க? தென்மாவட்டக் கிராமங்கள்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி எடுத்து 2003-ல வெளியான ஆய்வுல, இந்த நோய் இருந்தவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல அதுவரை கண்டுபிடிக்கப்படாமலே இருந்தாங்க.

பர்கூர்க்காரன்:
அதுக்கு முகாம்லயே கண் பிரஷர் பார்த்துடலாமே. 10-லேர்ந்து 21 வரைக்கும் நார்மல்னு எல்லாருக்கும் தெரியும்.

கண்ணாடிக்காரி:
21-க்குக் கீழ இருந்தும் நரம்பு தேயறவங்க இருக்காங்கண்ணா. நரம்பைப் பார்க்கணும், கண்ணுல லென்ஸ் வச்சு, உள்ள இருக்கற தண்ணி வடியற கோணம் திறந்திருக்கா மூடியிருக்கான்னு பார்க்கணும், ஓரப் பார்வையை அளக்கற ஃபீல்டு டெஸ்ட் எடுக்கணும். அந்தக் கோணம் பார்க்கறது புத்தகத்துல வராது, பக்கத்துல ஒருத்தர் நின்னு "இப்ப சாய்ச்சுப் பாரு"ன்னு சொல்லணும். அப்படிக் கத்துக்கிட்ட பி.ஜி. நாளைக்கு அரூர்லயோ ஊத்தங்கரையிலயோ உட்கார்ந்தா, நீங்க சொல்ற பொதுக் கண் டாக்டரே நோயைப் பிடிச்சிடுவார்.

அஞ்செட்டி வாத்தியார்:
எங்கப்பாவுக்கு நோயைப் பிடிச்சாங்கம்மா, சீக்கிரமே பிடிச்சாங்க. சொட்டு மருந்து தீர்ந்தா தேன்கனிக்கோட்டைக்கு பஸ் ஏறணும். வலிக்காத கண்ணுக்கு எத்தனை நாள் ஏறுவார்? விட்டுட்டார், பார்வை போச்சு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல தொடங்கினதே நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலதான். சுகருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருது. அந்தப் பையில கண் பிரஷரைக் குறைக்கற டிமோலால் சொட்டு மருந்து பாட்டில் ஒண்ணையும் போடட்டும், பேராசிரியரை அப்புறம் தேடலாம்.

கண்ணாடிக்காரி:
நல்ல யோசனை சார். ஆனா டிமோலால் ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆகாது, மூச்சு திணறும். யாருக்கு எந்த மருந்துன்னு எழுத ஆள் வேணுமே.

பாலக்கோடு பார்மசி:
இடையில ஒண்ணு. கண் அரிப்புக்கு "போன தடவை வாங்கின அதே சொட்டு" கேட்டு தினமும் வர்றாங்க. அதுல ஸ்டீராய்டு இருக்கு, மாசக்கணக்குல போட்டா சிலருக்குக் கண் பிரஷர் ஏறும். சீட்டு இல்லாம தர மாட்டேன்னா என்னைத் திட்டிட்டு அடுத்த கடைக்குப் போறாங்க. சரி, நீங்க பேசுங்க.

ஓசூர்க்காரன்:
தேவையா இல்லையான்னு அப்புறம் பேசலாம், யார் வருவாங்க சொல்லுங்க. எம்.எஸ். மூணு வருஷம், அதுக்கு மேல ஃபெல்லோஷிப். இவ்வளவும் படிச்சவருக்கு ஓசூர்லேர்ந்து 40 கிலோமீட்டர்ல பெங்களூர் இருக்கு. ஃபீல்டு மிஷினும் அதை ஓட்டத் தெரிஞ்ச டெக்னீஷியனும் இல்லைன்னா, இன்டர்வியூல கேள்வி கேக்கறது அவராத்தான் இருக்கும்.

பர்கூர்க்காரன்:
அதேதான். முதல்ல மிஷின், அப்புறம் ஆள்.

கண்ணாடிக்காரி:
மிஷினை வாங்கித் துணி போட்டு மூடி வச்சிருக்கற இடத்தையும் பார்த்திருக்கேன். தேவை தெரிஞ்ச ஆள் உள்ள வந்தாத்தான் சண்டை போட்டு வாங்கி, ஓடவும் வைப்பாங்க.

அஞ்செட்டி வாத்தியார்:
சரிம்மா. வர்றவர் மாசம் ஒரு நாள் அஞ்செட்டி, தளி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரணும்னு விளம்பரத்துல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. நான் உங்க கட்சி.

பர்கூர்க்காரன்:
அந்த வரியைப் போட்டா ஒரு விண்ணப்பம்கூட வராது சார்.

கண்ணாடிக்காரி:
வரும். ஃபெல்லோஷிப் முடிச்சதும் நானே போடுவேன்.

ஓசூர்க்காரன்:
அதுக்கு இன்னும் எத்தனை வருஷம்மா? போஸ்ட் இப்பவே காலியா இருக்கு.