டாசனில் மண் தோண்டியவர்கள்

போன வருஷம் ஜூனில் கனடாவின் யூகான் பக்கம் போயிருந்தோம். வைட்ஹார்ஸிலிருந்து டாசன் நகரத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், வழியெல்லாம் காடுதான். ராத்திரி 11 மணிக்குப் போய் இறங்குகிறோம், வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் பொனான்சா ஓடைக்குப் போனோம். 1896 ஆகஸ்டில் தங்கம் அகப்பட்டது இந்த ஓடையில்தான். பார்க்க வருகிறவர்களும் ஓடை மண்ணை அரித்துத் தங்கம் தேடிப் பார்க்கலாம் என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அரிசியில் கல் அரிப்பதுபோல் ஓடைத் தண்ணீரில் தட்டைச் சுழற்றினேன், பத்து நிமிஷத்தில் விரல்கள் மரத்துப்போயின. இது கோடைக்காலம்!

அந்தக் காலத்தில் தோண்டியது பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் தோண்டினால் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். ஆனால் அங்கே அடிமண் வருஷம் முழுக்க உறைந்தே இருக்கும், குளிர்காலத்தில் மேல்மண்ணும் கல்லாகிவிடும், கடப்பாரை இறங்காது. அதனால் ராத்திரி விறகு அடுக்கித் தீ மூட்டி, காலையில் இளகிய கொஞ்சம் மண்ணை மட்டும் வாரி வாளியில் மேலே இழுத்து, மறுபடி தீ மூட்டி, தங்கம் படிந்திருக்கும் அடிப்பாறை தட்டுப்படும்வரை கிணறு மாதிரி இறங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். வெளியே மைனஸ் 40 டிகிரி, உள்ளே புகை. அப்புறம் அந்த மண்குவியல் வசந்தம் வரைக்கும் அப்படியே கிடக்கும். பனி உருகி ஓடையில் தண்ணீர் வந்து, மரக்கால்வாயில் விட்டு அலசினால்தான் எவ்வளவு தங்கம் என்று முழுசாகத் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நம்பிக்கையில் உழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதைவிடப் பாவம், தங்கச் செய்தி கேட்டு 1898இல் வந்து சேர்ந்தவர்கள். ஒரு வருஷத்துச் சாப்பாடு இல்லாமல் அலாஸ்கா-கனடா எல்லையில் கனடா போலீஸ் விடாது. சாமான் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு டன். முதுகில் கட்டிக்கொண்டு அந்த எல்லையில் இருக்கும் சில்கூட் கணவாயில் பல தடவை ஏறி இறங்கி வந்து பார்த்தால், நல்ல நிலத்தையெல்லாம் முன்னால் வந்தவர்கள் முளையடித்துப் பிடித்திருந்தார்கள். அடுத்த வருஷமே அலாஸ்காவின் நோமில் தங்கம் என்று செய்தி வர, ஆயிரக்கணக்கானோர் அங்கே கிளம்பிவிட்டார்கள்.

ஊருக்குள் மூன்றாம் அவென்யூவில் இரண்டு பழைய மரக்கட்டடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. வீட்டுச் சூடு கீழே இறங்கி, உறைந்த மண் இளகி, அப்படியே புதைந்து சாய்ந்திருக்கிறது. மண்ணை இளக்கத்தான் அவ்வளவு விறகு எரித்தார்கள், இங்கே வேண்டாத இடத்தில் தானாக இளகியிருக்கிறது. அந்தப் பலகைச் சுவரில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.