அடாப்டிவ் ரீயூஸ்: மறுபுழக்கமா, மாற்றுப்புழக்கமா?

வணக்கம். பழைய கட்டடத்தை இடிக்காமல் வேறொரு வேலைக்குத் தோதாக மாற்றிப் பயன்படுத்துவதைத்தான் ஆங்கிலத்தில் அடாப்டிவ் ரீயூஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மறுபுழக்கம்’ என்று நான் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த ஒரு பதில்:

> ‘தகவமை மறுபயன்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, பொருள் முழுசாக வருகிறது.

பொருள் வருகிறது, வாயில்தான் வர மாட்டேன் என்கிறது. மறுபயன்பாடு என்றதும் எனக்குக் கழுவிக் காயவைத்த பால் கவர்தான் நினைவுக்கு வரும். தகவமைப்போ பள்ளிக்கூடத்தில் ஒட்டகத்துக்குப் படித்தது. இரண்டையும் ஒட்டினால் கட்டடம் எங்கே?

ஒரு கட்டடத்தை வைத்தே பார்ப்போம். லண்டன் வைட்ஹால் தெருவில் பழைய போர் அலுவலகம், அதாவது பிரிட்டிஷ் ராணுவத்தை நிர்வகித்த அரசுத் துறையின் கட்டடம். ஏழாம் எட்வர்டு காலத்துப் பரோக் என்கிற ஆடம்பரமான பாணி. வரைந்தவர் வில்லியம் யங். அவர் 1900இல் இறந்துவிட, மகன் கிளைட் யங் பொறுப்பேற்று, 1906இல் வேலை முடிந்தது. மனை சதுரம் கிடையாது, கோணல்மாணலான நாற்கரம். அது தெரியாமலிருக்க நாலு மூலையிலும் உருண்டையாகக் கோபுரம் எழுப்பிக் குவிமாடம் வைத்துவிட்டார்கள். தெருவில் நிற்பவர் கண் மூலையைத் தேடிப் போய் வளைவில் வழுக்கிவிடும். (எனக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்ததே இந்தத் திருட்டுத்தனம்தான்.) உள்ளே 7 தளம், சுமார் 1,000 அறை, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடைவழி. கிச்சனரும் சர்ச்சிலும் போர் அமைச்சர்களாக இருந்து வேலை பார்த்த இடம்.

2014இல் இந்துஜா குழுமம், அதாவது நம்ம எண்ணூர் அசோக் லேலண்டுக்காரர்கள், இதை 250 ஆண்டுக் குத்தகைக்குப் பேசி முடித்தார்கள். 2023 செப்டம்பரில் ராஃபிள்ஸ் ஓட்டலாகத் திறந்தது. இப்போது 120 ஓட்டல் அறை, 85 குடியிருப்பு. ஆயிரம் எப்படி 120 ஆயிற்று என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குமாஸ்தாவுக்கு ஒரு மேசை போடத் தோதான அறையில் கட்டிலையும் குளியலறையையும் எங்கே வைப்பது? தடுப்பை எடுக்கணும், தண்ணீர்க் குழாய் இழுக்கணும். ஆனால் பாரம்பரியப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம், முகப்பிலும் பளிங்குப் படிக்கட்டிலும் அமைச்சர் அறையின் ஓக் பலகைச் சுவரிலும் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. இதைப் போய் ‘புதுப்பித்தல்’ என்றால் வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது.

‘பயன்மாற்றம்’ என்று இன்னொருவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. ஆனால் நில உபயோக மாற்றத்துக்கு அலைந்தவர்களுக்கு அந்தச் சொல்லில் ஃபைல் வாடை அடிக்கும். ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் காகிதத்திலேயே பயன்மாற்றம் நடந்துவிடும்.

அதனால்தான் ‘மறுபுழக்கம்’ என்றேன். பூட்டிக் கிடக்கிற வீட்டை ‘ஆள் புழங்காத வீடு’ என்றுதானே சொல்கிறோம்? சுவர் கெட்டியாக இருந்தாலும் புழக்கம் நின்றால் வௌவால் குடியேறிவிடும். ‘புழக்கம்’ என்றால் ரூபாய் நோட்டு நினைவுக்கு வருகிறது என்று வந்த ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, ‘கட்டட’ என்று முன்னால் சேர்த்தால் தீர்ந்தது.

ஆனால் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே ஓர் ஓட்டை தெரிகிறது. மூடிக் கிடந்த நாடக அரங்கை மறுபடி நாடக அரங்காகவே திறந்தாலும் மறுபுழக்கம்தானே? போர் அலுவலகம் ஓட்டலானதையும் அதையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது. அப்படியானால் ‘மாற்றுப்புழக்கம்’? “அந்தக் கட்டடம் மாற்றுப்புழக்கத்துக்கு வந்தது” என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை. என் பழைய பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அப்புறம், ஒற்று மிகுமா என்று யாராவது கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்: ‘மாற்று’ வன்தொடர்க் குற்றியலுகரம், மிகும்.