அடுத்த டர்ன் யாருக்கு? ஃபைனல் ஃபேண்டஸி 10 ஆடியவர்களின் அனுபவங்கள்

டர்ன் முறையில், அதாவது நாமும் எதிரியும் மாறி மாறி அடிக்கும்படி சண்டை நடக்கும் கேம் என்றாலே "நீ யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எதிரி சும்மா நிப்பானா?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவர்களுக்கு விளக்கம் எதுவும் கொடுப்பதில்லை. ஃபைனல் ஃபேண்டஸி 10-இல் யூனலெஸ்கா என்னும் பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையைச் சொல்வேன். அதைத்தான் இங்கேயும் எழுதப் போகிறேன். கதையின் முடிவு வரைக்கும் பேச்சு போகும் என்பதால், இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் சண்டை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1991இல் வந்த நான்காம் பாகத்திலிருந்து ஒன்பதாம் பாகம் வரை இந்தத் தொடரில் சண்டைக்குப் பின்னால் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாம் மெனுவில் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடக்கூடும். 2001 ஜூலையில் பிளேஸ்டேஷன் 2-க்குப் பத்தாம் பாகம் வந்தபோது, சண்டைப் பகுதியை வடிவமைத்த தோஷிரோ ட்சுசிதா அந்தக் கடிகாரத்தை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு வரிசை வந்தது. இப்போது யார், அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று நம் ஆட்களும் எதிரிகளும் கலந்து நிற்கும் வரிசை.

அந்த வரிசை நிலையாக இருப்பதில்லை. ஒரு கட்டளையின் மேல் கர்சரை வைத்தாலே, அதைத் தேர்ந்தெடுத்தால் வரிசை எப்படி மாறும் என்று காட்டிவிடும். பொருள் ஒன்றைப் பயன்படுத்தினால் சீக்கிரம் மறுபடி டர்ன் வரும். கனமான தாக்குதல் என்றால் பின்னால் போய் நிற்க வேண்டும். ஹேஸ்ட் போட்டால் நம் ஆள் அடிக்கடி வருவான், டிலே அட்டாக் விழுந்தால் எதிரி பின்னுக்குத் தள்ளப்படுவான். பணம், மந்திர சக்தி, மருந்து என்று செலவழிக்கும் பொருள்களோடு இங்கே நேரமும் சேர்ந்துவிடுகிறது. அவசரப்பட்டு ஆடும் கேம்களில் நேரம் நம்மைத் துரத்தும். இதில் அது நம் கையில் இருக்கிறது, எங்கே செலவு செய்வது என்பதை நாம் முடிவு செய்கிறோம். எனக்கு இந்தக் கேமின் ஈர்ப்பு மொத்தமும் இதில்தான்.

சரி, யூனலெஸ்கா. அவளிடம் போவதற்கு முன்னால் ககஸெட் மலையில் வில்லன் சீமோரைச் சந்திக்க வேண்டும். அவன் நம் ஆளில் ஒருவனை ஈட்டியால் குத்தி ஜாம்பி ஆக்குவான். ஜாம்பி நிலையில் இருப்பவருக்கு மருந்து கொடுத்தால் அதுவே அடியாக விழும். அவனோடு வரும் மோர்டியார்க்கிஸ் அடுத்து ஃபுல் லைஃப் போடும். செத்தவரைப் பிழைக்க வைக்கும் அந்த மந்திரம் ஜாம்பியை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். குத்துக்கும் மந்திரத்துக்கும் நடுவில் நமக்கு ஒரு டர்ன் கிடைத்தால், அதற்குள் ஹோலி வாட்டர் ஊற்றி ஜாம்பியை நீக்கியாக வேண்டும். வரிசையைப் பார்த்தபடியே இதைக் கற்றுக்கொள்கிறோம். ஜாம்பி என்றால் உடனே ஹோலி வாட்டர் என்பது விரலுக்கே பழகிவிடுகிறது.

அடுத்தது ஸானர்கண்ட், யாத்திரை முடியும் பாழடைந்த நகரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சின் என்னும் பேரழிவை முதன்முதலில் வீழ்த்தியவள் யூனலெஸ்கா. ஏயான் என்னும் காவல் உயிர்களை அழைக்கத் தெரிந்தவள் நம் அணியின் யூனா. அவளுடைய யாத்திரை முழுக்க யூனலெஸ்காவைத் தேடித்தான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், கூட வந்த பாதுகாவலர் ஒருவர் பலியானால்தான் சின்னை வீழ்த்தும் இறுதி ஏயான் கிடைக்கும் என்றும், அதற்குப் பிறகும் சின் திரும்ப வரும் என்றும் தெரிகிறது. யூனா மறுக்கிறாள். சண்டை தொடங்குகிறது.

யூனலெஸ்காவுக்கு மூன்று வடிவங்கள்: 24,000, 48,000, 60,000 ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்). முதல் வடிவத்தில், ஆயுதத்தால் அடித்தால் கண்ணைக் குருடாக்குவாள், மந்திரம் போட்டால் வாயைக் கட்டுவாள். இரண்டாவது வடிவத்தில் ஹெல்பைட்டர் என்ற தாக்குதல் வரும். அடியும் விழும், மூவரும் ஜாம்பியும் ஆவார்கள். பிறகு நமக்கே குணப்படுத்தும் மந்திரம் போட்டு அடிப்பாள். ககஸெட்டில் பழகியபடி விரல் ஹோலி வாட்டரைத் தேடுகிறது. மூவரையும் சுத்தப்படுத்தி, ஹெச்பி எல்லாம் நிரப்பி, மூன்றாவது வடிவத்துக்கு நல்ல நிலையில் போய் நிற்கிறோம்.

மூன்றாவது வடிவம் மெகா டெத் என்ற தாக்குதலோடு தொடங்குகிறது. ஜாம்பியாக இல்லாத எல்லோரும் செத்துப்போவார்கள்.

இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். சீமோர் சொல்லிக்கொடுத்த பாடத்தை யூனலெஸ்கா தலைகீழாகத் திருப்புகிறாள். குறைந்தது ஒருவரையாவது ஜாம்பியாகவே விட்டுவைக்க வேண்டும். மெகா டெத்துக்குப் பிறகு மற்றவர்களுக்கு ஃபீனிக்ஸ் டவுன் கொடுத்து எழுப்ப அவர்தான் மிஞ்சுவார். அவருக்கு மருந்து கொடுக்க முடியாது, யாராவது பழக்கத்தில் கொடுத்தால் அடிதான் விழும். எனவே ஒவ்வொரு டர்னிலும் யாரைச் சுத்தப்படுத்துவது, யாரைச் சபிக்கப்பட்ட நிலையிலேயே விடுவது என்ற கேள்வி வந்து நிற்கும். கதை நடக்கும் ஸ்பைரா உலகத்தின் மக்கள் ஆயிரம் ஆண்டுகளாக வரம் என்று நம்பியது உயிரை வாங்குகிறது. சாபம் என்று நாம் நினைத்தது உயிரைக் காப்பாற்றுகிறது. சண்டைக்கு முன்னால் வசனத்தில் வந்த அதே விஷயத்தை மெனுவுக்குள் வைத்து நம்மையே செய்ய வைத்துவிட்டார்கள். விரல் வேகத்தை நம்பும் சண்டையில் இதைச் செய்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே தப்பிப்பதிலேயே மனம் இருக்கும். இங்கே கேம் நின்று, நாம் அந்த முடிவைப் பார்த்து, தெரிந்தே எடுக்கிறோம்.

உங்களுக்கும் இப்படி மனதில் நின்ற சண்டை இருந்தால் எழுதுங்கள்.

*

சீமோரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பயோ மந்திரம் போட்டு அவனுக்கு விஷம் ஏற்றிவிட்டால் ஒவ்வொரு டர்னிலும் ஹெச்பி ஆயிரத்துக்கு மேல் தானாகவே குறையும். அவ்வளவு பெரிய பாஸுக்கு விஷம் ஏறும் என்று யாருக்குத் தோன்றும்? பெரிய பாஸ் என்றால் இதெல்லாம் வேலை செய்யாது என்றுதான் மற்ற கேம்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. முயன்று பார்ப்பவனுக்கு மரியாதை கொடுக்கும் கேம் இது. டோட்டல் அனிஹிலேஷன் என்ற அவனுடைய பெரிய தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஓர் ஏயானை அழைத்து முன்னால் நிறுத்திவிடுங்கள், அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும்.

*

நான் சொல்லப்போவது பாஸ் சண்டை இல்லை. ஒரு விபத்தில் வலது மணிக்கட்டு உடைந்து, கட்டோடு வீட்டில் கிடந்த காலத்தில் ஆடிய கேம் இது. அதற்கு முன்னால் நான் ஆடியதெல்லாம் கார் ரேஸும் துப்பாக்கிச் சண்டையும்தான். ஒரு கையால் அதில் எதையும் தொட முடியாது. கன்ட்ரோலரை மடியில் வைத்து, இடது கையால் மேலே கீழே நகர்த்தி, அதே கையைக் கொண்டுபோய் எக்ஸ் பொத்தானை அழுத்தினால் ஃபைனல் ஃபேண்டஸி 10-இன் சண்டைகள் நடக்கும். எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் என் டர்ன் என்னிடமே இருக்கும். உடம்பு முடியாதபோது அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

நான் எதிர்பார்க்காதது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பாயில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே திரையைப் பார்ப்பார்கள். சில நாளில் கேமில் நம் அணியில் இருக்கும் எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். வாக்கா பந்துக்காரன். பொம்மைகளை வைத்துச் சண்டை போடும் லூலூ பொம்மைக்காரி. கிமாரி கொம்பு உடைஞ்சவன். ஆரான் மட்டும் "அந்தப் பெரியவர்". அவரை எப்போதும் மரியாதையோடுதான் சொல்வார்கள்.

இந்தக் கேமில் எந்த எதிரிக்கு யார் என்பது ஓரளவு பார்த்தாலே புரியும். பறக்கிறதற்கு வாக்காவின் பந்து, வேகமாக ஓடுகிற ஓநாய்க்குக் கதாநாயகன் டீடஸ், ஓடு கெட்டியாக இருந்தால் ஆரானின் வாள், கூழ் மாதிரி நிற்கும் ஃப்ளானுக்கு லூலூவின் மந்திரம். சண்டைக்கு நடுவிலேயே ஆளை மாற்றலாம், அதற்கு டர்ன் வீணாகாது, உள்ளே வந்தவர் உடனே அடிக்கலாம். அம்மா இதையெல்லாம் நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டார்கள்.

"டேய், பறக்குது பாரு, பந்துக்காரனை விடு."

"அவனுக்கு இப்பதான் ஹெச்பி கம்மிம்மா."

"அப்ப அடிச்சுட்டு உடனே மாத்திரு. பெரியவர் வந்து நிக்கட்டும்."

ஒரு டர்னாவது எடுத்தவர்களுக்குத்தான் சண்டை முடிவில் ஏபி (திறன் வளர்க்கும் புள்ளி) கிடைக்கும் என்று சொன்ன பிறகு, "பொம்மைக்காரி இன்னும் வரவே இல்லையே, அவளுக்கும் ஒண்ணு குடு" என்று பங்கு பிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் விடுபடக் கூடாது அவர்களுக்கு.

நான் பல கேம்கள் ஆடியதை வீட்டில் மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வேகமாக ஓடும் கேமில் பார்ப்பவருக்கு வேலையே கிடையாது. வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். டர்ன் முறையில்தான் இரண்டு பேர் சேர்ந்து யோசிக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தில் அம்மா வந்து உட்கார்ந்தார்கள். இந்த வகைக் கேம்கள் மேல் எனக்கிருக்கும் பற்று அங்கே ஆரம்பித்தது.

இதே கேமில் என்னால் செய்ய முடியாமல் போனவற்றையும் சொல்கிறேன். தண்டர் ப்ளெய்ன்ஸில் தொடர்ந்து 200 மின்னல்களில் இருந்து தப்பினால்தான் லூலூவின் கடைசி ஆயுதத்துக்கான வீனஸ் சிஜில் என்ற பொருள் கிடைக்கும். டீடஸின் ஆயுதத்துக்கோ சோகோபோ என்னும் பெரிய பறவை மேல் ஏறி ஓடும் பந்தயத்தை, பலூன்களைப் பிடித்து நேரத்தைக் குறைத்து, பூஜ்ய நொடிக் கணக்கில் முடிக்க வேண்டும். இரண்டும் கை வேகம்தான், யோசனைக்கு வேலை இல்லை. யோசித்து ஆடுவதற்கென்று இவ்வளவு அழகாக ஒன்றைக் கட்டிவிட்டு, சிறந்த ஆயுதங்களைக் கொண்டுபோய் இந்தப் பூட்டுக்குள் வைத்தது நியாயமில்லை. கை சரியான பிறகும் எனக்கு அதில் மனம் போகவில்லை.

*

மேலே அம்மாவைப் பற்றி எழுதியவருக்கு நன்றி. என் தங்கையின் கதை அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது.

ஏயான்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். நான் கதை ஆட, பெயர் வைக்கும் வேலை தங்கையுடையது. பறவை மாதிரி இருக்கும் வேலஃபோருக்குக் கிளி என்று வைத்தாள். ஐஸ்காரி ஷிவாவுக்கு அவள் வகுப்புத் தோழியின் பெயர். இஃப்ரிட்டுக்குத் தெரு நாயின் பெயர். சண்டையில் ஏயானை அழைக்கும்போதெல்லாம் அந்தப் பெயரே திரையில் வரும், அவள் கை தட்டுவாள்.

கடைசிச் சண்டை என்னவென்று ஆடியவர்களுக்குத் தெரியும். சின்னுக்குப் பின்னால் இருக்கும் யூ யெவன் தங்க ஓர் உடல் இருக்கக் கூடாது என்பதற்காக, யூனா தன் ஏயான்களை ஒவ்வொன்றாக அழைக்கிறாள். அவன் அதற்குள் புகுந்துகொள்கிறான். நாம் அதைக் கொல்ல வேண்டும். பயணம் முழுக்க நம்மைக் காப்பாற்றிய அத்தனையையும், ஒன்று விடாமல். அந்தக் கட்டத்தில் நம் ஆட்கள் எல்லோருக்கும் ஆட்டோ லைஃப் நிரந்தரமாக இருக்கிறது, விழுந்தாலும் எழுந்துவிடுவார்கள். சவால் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் பலர் இந்தச் சண்டையை "ரொம்ப ஈஸி" என்று குறை சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோற்க முடியாது என்று ஆன பிறகு நமக்கு மிஞ்சுவது செய்வதா வேண்டாமா என்பது மட்டும்தான், அதுவும் செய்துதான் ஆக வேண்டும்.

கிளி வந்து நின்றது. டீடஸின் டர்ன். அட்டாக் மேல் கர்சர் நிற்கிறது. "அண்ணா, அடிக்காத" என்றாள். நான் அடிக்கவில்லை. கேமும் ஒன்றும் சொல்லவில்லை. நம் டர்ன் என்றால் எதிரில் இருப்பது ஓர் அடிகூட அடிக்காது. எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கும். நாங்கள் போய்ச் சாப்பிட்டோம், திரும்பி வந்தோம், அப்போதும் நின்றது. கடைசியில் கன்ட்ரோலரை வாங்கி அவளே அழுத்தினாள். அழுதுகொண்டேதான் அழுத்தினாள், ஆனால் வேறு யாரையும் தொட விடவில்லை. இஃப்ரிட், ஷிவா எல்லாவற்றுக்கும் அவளே.

வேறு எத்தனையோ கேம்களில் அன்பான பாத்திரங்கள் சாவதைப் பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் கட்சீனில், அதாவது நம் கை படாமல் படம் போல ஓடும் காட்சியில் நடந்தவை, நாம் பார்வையாளர்கள். இதில் அந்தக் கட்டளையைக் கொடுத்தது எங்கள் கை. மறுப்பதற்கு வேண்டிய நேரம் முழுவதும் கொடுத்துவிட்டு, பிறகு நம்மிடமே கேட்டது. தங்கைக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. இந்தக் கேமின் பேச்சை எடுத்தால் "கிளியப் பத்தி மட்டும் பேசாத" என்பாள்.

*

ஏயான்களின் பெயர் விஷயம் படித்து நெஞ்சு கனத்துவிட்டது. சரி, இதைப் படித்துவிட்டுப் புதிதாக ஆட நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் வழி சொல்கிறேன். பழைய பிளேஸ்டேஷன் 2 தேடி அலைய வேண்டாம். எச்டி ரீமாஸ்டர் பிளேஸ்டேஷன் 4, பிசி, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாவற்றிலும் இருக்கிறது. தொடக்கத்தில் ஸ்ஃபியர் கிரிட் (ஆட்களின் திறனை வளர்க்கும் பலகை) எது வேண்டும் என்று கேட்கும். முதல் தடவை ஸ்டாண்டர்டு போதும், எக்ஸ்பெர்ட் எடுத்தால் யாரை எங்கே நகர்த்துவது என்றே திண்டாட்டமாகிவிடும்.

கட்சீன்களைத் தாண்டிப் போக முடியாது, யூனலெஸ்காவுக்கு முன்னால் வருவது நீளமானது. தோற்றால் அதையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதால் நிதானமாக நேரம் இருக்கும் நாளில் போங்கள். அப்புறம், ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் 26 அல் பெட் பிரைமர்களில் (அல் பெட் மக்களின் மொழியைக் கற்றுத்தரும் புத்தகங்கள்) சிலவற்றை விட்டால் திரும்ப எடுக்க முடியாது, அல் பெட் மக்களின் ஊரான ஹோம் பகுதியில் முக்கியமாகத் தேடுங்கள். பெசைட் கோவிலின் டிஸ்ட்ரக்ஷன் ஸ்ஃபியர் புதிரை முதல் தடவையிலேயே முடித்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால், ரீமாஸ்டரில் ஊர் வாசலில் வேலஃபோரின் எதிரி வடிவமான டார்க் வேலஃபோர் வந்து வழியை மறித்து நிற்கும். அதைத் தாண்டாமல் அனிமா என்ற ஏயானை வாங்க முடியாது.