புதிய போல்ட்டுகள்: தொழிலாளர் துறை ஆய்வாளரைச் சந்தித்த எங்கள் அனுபவங்கள்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் உறுப்பினர்:

டர்பனில் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஆலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியாகவும் இருந்தேன். தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டுத் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டப்படி இருபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் இப்பிரதிநிதி இருந்தாக வேண்டும். கடையிலும் அலுவலகத்திலும் நூறு பேருக்கு ஒருவர், எங்களுடையதைப் போன்ற ஆலையில் ஐம்பது பேருக்கு ஒருவர். யாரும் ஆசைப்பட்டு ஏற்கும் பொறுப்பு அன்று. தேர்வுக் கூட்டத்தன்று நான் விடுப்பில் இருந்ததால் அது என் தலையில் விழுந்தது.

எங்கள் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தும் இயந்திரம்) ஒன்றில், கை உள்ளே போகாமல் தடுக்கும் முன்புறக் காப்புத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தகடு இருந்தால் வேலை மெதுவாகும், ஷிஃப்ட் முடிவில் எண்ணிக்கை குறையும் என்பதே காரணம். மாதாந்தரச் சோதனையின்போது "மூன்றாம் பிரஸ்ஸில் காப்புத் தகடு இல்லை" என்று குறிப்பேட்டில் இரண்டு முறை எழுதி, ஃபோர்மேனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்திட்டார். மூன்றாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஓர் இளம் தொழிலாளியின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

திங்கட்கிழமை காலை நாங்கள் உள்ளே நுழைந்தபோது இயந்திரம் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. தகடு அதன் இடத்தில் இருந்தது. சட்டத்தின் 24ஆம் பிரிவு இதைத்தான் தடுக்கிறது: ஒருவர் இறந்தாலோ, பிழைப்பது அரிது என்னும் அளவுக்குக் காயமுற்றாலோ, உறுப்பையோ உறுப்பின் ஒரு பகுதியையோ இழந்தாலோ, காயம்பட்டவரை அப்புறப்படுத்தவும் மேலும் விபத்து நேராமல் தடுக்கவும் தேவையானதைத் தவிர, ஆய்வாளரின் ஒப்புதல் இன்றி அந்த இடத்தில் எதையும் மாற்றக் கூடாது. இதை மேலாளரிடம் சொன்னேன். மேலும் விபத்து நேராமல் தடுக்கத்தான் தகட்டைப் பூட்டினோம் என்றார். கெட்டிக்காரத்தனமான பதில்தான், ஆனால் இரத்தத்தைக் கழுவியதற்கு அது விடையாகாது.

மறுநாள் வந்த ஆய்வாளர் ஸுலு மொழி பேசும் நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசவில்லை. அந்தத் தம்பி கவனமின்றிக் கையை விட்டுவிட்டான் என்று மேலாளர் விவரித்துக்கொண்டிருக்கையில், அவர் குனிந்து தகட்டைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். பிரஸ் முழுவதும் பல ஆண்டு எண்ணெய்க் கறை. அந்த நான்கு போல்ட்டுகள் மட்டும் பளபளவென்று மின்னின. பிறகு என் பக்கம் திரும்பிக் குறிப்பேட்டைக் கேட்டார். ஃபோர்மேனின் இரண்டு கையெழுத்துகளையும் பார்த்த பின், கவனக்குறைவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, மேலாளரும் சொல்லவில்லை. தொழிலாளிக்கும் 14ஆம் பிரிவு கடமைகளை விதிக்கிறது என்பது உண்மை. ஆனால் ஆபத்தை முதலிலேயே நீக்குவதோ குறைப்பதோ 8ஆம் பிரிவின்படி முதலாளியின் வேலை.

பிரஸ்ஸை இயக்கக் கூடாது என்ற தடை அறிவிப்பு அன்றே வந்தது. அதைப் பிரதிநிதிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். எங்கள் ஆலையிலோ மேலாளர் அதை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். நான் கேட்டு வாங்கித்தான் படித்தேன். விசாரணை அறிக்கை அரசு வழக்குத் தொடுப்போரிடம் போகும் என்று சொன்னார்கள். அதன் பின் எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டர்பனை ஒட்டிய பீனிக்ஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, உங்களுக்குக் குறிப்பேடு இருந்தது. எங்களிடம் அதுவும் இல்லை. நான் வேலை பார்த்த தையல் ஆலையில் துணி திருட்டுப் போகிறது என்று பின்புற அவசரக் கதவைச் சங்கிலியால் பூட்டி வைத்திருந்தார்கள். வெளியேறும் கதவுகளை உள்ளிருந்து எளிதாகவும் விரைவாகவும் திறக்க முடிய வேண்டும் என்று விதி இருப்பது எங்களில் எவருக்கும் தெரியாது. முன்னறிவிப்பின்றி வந்த ஆய்வாளர் கதவருகே நின்று, யாரையும் அதட்டாமல், "இப்போது திறந்து காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார். சாவி வைத்திருந்தவர் வங்கிக்குப் போயிருந்தார். நாங்கள் நாற்பது பெண்கள் தையல் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, அவர் திரும்பி வரும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றிரவு வீட்டில் அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

ஆய்வாளரிடம் விவரம் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ, ஊதியத்தைக் குறைக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்வதைப் பின்னர்தான் அறிந்தேன். முன்பே அறிந்திருந்தால் நானே புகார் செய்திருப்பேனா என்று கேட்டால், செய்திருக்க மாட்டேன். அப்போது என் வீட்டில் சம்பளம் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

டர்பனுக்கு வடக்கே உள்ள தொங்காட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

2013 நவம்பர் 19 அன்று எங்கள் ஊரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து இருவர் இறந்தனர், 29 பேர் காயமடைந்தனர். கட்டுமானத்தை நிறுத்தும் நீதிமன்ற உத்தரவு ஒன்று அதற்கு முன்பே இருந்தது. பின்னர் அதே பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி முறையான விசாரணை நடந்தது. அதில் சாட்சிகளை எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். சட்டத்தின் தண்டனையோ பெரும்பாலான குற்றங்களுக்கு 50,000 ராண்ட் (எங்கள் நாட்டு நாணயம்) அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும்; முதலாளியின் அலட்சியத்தால் ஒருவர் காயமடைந்த குற்றத்துக்கு 1,00,000 ராண்ட் அல்லது ஈராண்டுச் சிறை, அல்லது இரண்டும் சேர்த்து, என்ற உச்ச வரம்போடு நிற்கிறது. 1993இல் எழுதிய தொகைகள் இவை. பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு இன்று இது கிரேன் வாடகைக் கணக்கில் கரைந்துவிடும்.

சாட்ஸ்வொர்த் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தம்பிக்கு இழப்பீடு கிடைத்ததா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து மீண்டும்:

கிடைத்தது, தாமதமாக. தற்காலிகமாக வேலை செய்ய இயலாத காலத்துக்கு ஊதியத்தில் 75 விழுக்காடு. முதல் மூன்று மாதத்துக்கு முதலாளி கொடுத்து, பிறகு இழப்பீட்டு நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வார். வேலையில் காயமுற்றோருக்கான இழப்பீட்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு முதலாளி மீது வழக்குத் தொடுக்கும் வழியை அடைத்துவிடுகிறது. ஆனால் முதலாளியின் அலட்சியத்தால் விபத்து நேர்ந்தது என்று காட்டினால், 56ஆம் பிரிவின்படி கூடுதல் இழப்பீடு கோரலாம். இதை அவனுக்கு ஆலையில் எவரும் சொல்லவில்லை; தொழிற்சங்க அலுவலகத்தில் சொன்னார்கள். அவன் மனுவோடு என் குறிப்பேட்டின் அந்த இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து இணைத்தோம்.