கோயில் வீதியில் நாய்ப் பீ: வளர்க்கிறவர் அள்ளவேண்டாமா?

படலையடி:
முல்லைத்தீவுப் பக்கம், எங்கள் ஊர்க் கோயில் வெளிவீதி. போன வெள்ளி விடியப்புறம் ஒருவர் நேர்த்திக்குப் பிரதட்டை பண்ண வந்தார். ஈரவேட்டியோடு அவர் உருள, மனைவி ஈர்க்குமாறோடு முன்னுக்கு நடந்து நாய்ப் பீயை ஒதுக்கிக்கொண்டு போனா. கட்டாக்காலி நாயின் வேலை என்றால் பேசாமல் இருக்கலாம். இது கழுத்தில் பட்டி கட்டிய நாய், யார் வீட்டு நாய் என்று ஊருக்கே தெரியும். இரவில் படலையைத் திறந்து விடுகிறார்கள், விடிய வந்து விறாந்தையில் படுத்துவிடும். அவர்களுடைய வளவு மட்டும் நல்ல சுத்தம். இப்படி விடுகிறவர்களே வந்து அள்ளவேண்டும் என்கிறேன்.

மேட்டுக்காணி:
தம்பி, வன்னியில் நாய் வளர்ப்பது மடியில் வைத்துக் கொஞ்சவா? பன்றி தோட்டத்துக்குள் இறங்கும், கள்ளன் வருவான், பாம்பு வரும். கட்டிவைத்த நாய் என்ன காவல் காக்கும்? ஆடு மாடு றோட்டில் போடுவதை அள்ளச்சொல்லி யாரும் கேட்டதில்லை. நாய்க்கு மட்டும் ஏன் புதுச்சட்டம்? எங்கள் வெயிலுக்கு மறுநாளே காய்ந்து பொடியாகிவிடும்.

ஈஸ்ட்ஹாம் வாசி:
இங்கே லண்டனில் அள்ளாமல் போனால் அந்த இடத்திலேயே 100 பவுண் வரை தண்டம் எழுதுவார்கள். வழக்குக்குப் போனால் 1000 வரை போகும். பாக் இல்லாமல் நாயோடு வெளிக்கிடுகிறவர்கள் குறைவு.

மேட்டுக்காணி:
அண்ணை, உங்களுக்கு அந்தப் பாக்கைப் போட மூலைக்கு மூலை தொட்டி இருக்கு. இங்கே சொப்பிங் பாக்கில் முடிந்து அடுத்தவன் வேலிக்குள் எறிவார்கள். பிறகு மாடு வந்து பாக்கோடு சேர்த்து விழுங்கும். பீ கிடந்தாலும் மண்ணோடு போகும், பாக் போகுமா?

மருந்துப்பெட்டி:
பாக் விஷயத்தில் மேட்டுக்காணி ஐயா சொல்வது சரி. வெயில் கதைதான் பாதி சரி.

நாய்ப் பீயில் முக்கியமாக இரண்டு புழு. ஒன்று கொக்கிப்புழு. வெறும் மணல் சுட்டால் அதன் குஞ்சுப்புழு செத்துப்போகும், உண்மை. ஆனால் கோயில் வீதியில் வேம்பு நிழல், பக்கத்தில் கேணி, மாரியில் நாள்முழுக்க ஈரம். அங்கே முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஒரு கிழமையளவில் வெறுங்கால் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். காலில் சிவந்த கோடு கோடாக வளைந்து ஓடி, இரவில் நித்திரைகொள்ள விடாமல் கடிக்குமே, அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் இடம் ஐயா. உருளுகிறவருக்கு முதுகும் வயிறும்கூட மண்ணில்தான்.

மற்றது வட்டப்புழு. அதன் முட்டைக்கு ஓடு தடிப்பு. பீ பொடியாகிக் காணாமல் போன பிறகும் முட்டை மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கிற பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால் ஈரலுக்கும் போகலாம், கண்ணுக்கும் போகலாம். பார்வை கெடுவது அரிது, ஆனால் நடக்கும்.

இன்னொன்று: அந்த முட்டை போட்டவுடனே தொற்றாது, இரண்டு கிழமையாவது எடுக்கும். அதனால் அன்றைக்கே அள்ளிவிட்டால் அள்ளுகிறவருக்கும் பயமில்லை, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

படலையடி:
மாட்டுச் சாணத்தை அள்ளி முற்றம் மெழுகுகிறோம். நாயினுடையதை மெழுகுவீர்களா, மேட்டுக்காணி ஐயா?

மேட்டுக்காணி:
நக்கல் வேண்டாம். நான் கேட்பது வேறு. காணிக்குள் நிற்கிற என்னுடைய நாய் எங்கே போனது என்று விடிய நான் டோர்ச் அடித்துத் தேடுவதா? அதோடு ஊரில் பாதி நாய்க்கு ஆளே இல்லை. யாரோ பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டிக் கொண்டுவந்து சந்தையடியில் விட்டவை. அதுகளுடையதை யார் அள்ளுவது?

படலையடி:
ஆளில்லாத நாய்க்கு யாரையும் குற்றம் சொல்லவில்லை. பட்டி கட்டிய நாயைத்தான் பேசுகிறேன். 1901ஆம் ஆண்டுச் சட்டமே நாயைப் பதியச் சொல்கிறது. விசர்நாய் ஊசி போட இலவசமாக வருகிறபோது, "என்னுடைய நாய்" என்று சங்கிலியோடு வரிசையில் நிற்கிறோம். விடியப்புறம் கோயில் வீதியில் நின்றால் மட்டும் அது யாருடைய நாய்?

பனங்கூடல்:
இதை அந்த வீட்டுக்குப் போய் யார் சொல்லப் போகிறீர்கள்? அதுதான் கேள்வி. ஒரே ஒழுங்கை, நாளைக்கு அவர்கள் வீட்டுக் கலியாணம். நான் சொல்லமாட்டேன்.

மருந்துப்பெட்டி:
ஐயா, டோர்ச் வேண்டாம். அவிழ்த்துவிட முதல், பின்னேரம் தின்னக் கொடுத்துவிட்டு வளவின் ஒரே மூலைக்குச் சங்கிலியில் கொண்டுபோங்கள். பெரும்பாலான நாய் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் பீ இருந்துவிடும். மண்வெட்டியால் ஒரு அடிக் கிடங்கு வெட்டி மூடுங்கள், பாக்கே தேவையில்லை. பிறகு இரவுக்கு அவிழ்த்துவிட்டாலும் கோயிலடியில் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்தும் கொடுங்கள்.

மேட்டுக்காணி:
கிடங்கு வெட்டலாம், அது பெரிய வேலையில்லை. தென்னையடியில் தாட்டால் பசளையாகுமா?

மருந்துப்பெட்டி:
தென்னைக்குப் பரவாயில்லை. கீரைப்பாத்தி, மிளகாய்க் கன்றுப் பக்கம் வேண்டாம். கிணற்றடிக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.