கந்தையா வளவு (ஊர் + லண்டன்)

சுகந்தி: [படம்] [படம்] [படம்]

சுகந்தி: நேற்று ரிக்மன்ஸ்வர்த் பக்கம் செஸ் ஆற்றில் பிள்ளைகள் பிடித்தவை. கல்லைப் புரட்டினால் கீழே ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் திரும்ப விட்டாச்சு. ஒன்று மட்டும் வாளியோடு ஹரோவுக்கு வந்துவிட்டது. அதற்கு என்ன சாப்பாடு போடுவது?

தேவி மாமி (ஊர்): சிங்கி றாலோ?

குமரன்: கிரேஃபிஷ் மாமி. ஆற்றில் இருக்கிற சின்னச் சிங்கி

தேவி மாமி (ஊர்): கூழுக்குப் போடுங்கோ. ஒடியல் மா அனுப்பினேனே, கிடக்குதோ

மாலா சித்தி: அந்த மா எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை மச்சாள் 🙂

சுகந்தி: சித்தி, அது போன வருடக் கதை

ரவி சித்தப்பா: சுகந்தி, கொடுக்கின் அடிப்பக்கம் சிவப்போ? கொடுக்கு மடிகிற இடத்தில் வெள்ளையும் நீலமுமாக ஒரு பொட்டு இருக்கோ?

சுகந்தி: ஓம், இரண்டும் இருக்கு

ரவி சித்தப்பா: அப்ப அது சிக்னல் என்கிற கிரேஃபிஷ் இனம். எல்லாரும் கவனமாக வாசியுங்கள்.

குமரன்: தொடங்கிட்டார்

ரவி சித்தப்பா: இது வட அமெரிக்கச் சாமான். பண்ணையில் வளர்த்து விற்கலாம் என்று 1970களில் இங்கே கொண்டுவந்தார்கள். பண்ணைக்குள் நிற்குமா? தரையிலும் நடக்கும். இப்ப ஆறெல்லாம் பரவிவிட்டது. கரையில் பொந்து தோண்டும், கரை இடிந்து விழும். மீன் முட்டையையும் விடாது. எல்லாவற்றையும் விட மோசம், அது ஒரு நோயைக் காவித் திரிகிறது. தனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த நாட்டு வெள்ளைக் கொடுக்கு இனத்துக்குத் தொற்றினால் ஆற்றோடு கூண்டோடு சாகும். அதனால்தான் சிக்னலைப் பிடித்தால் திரும்ப ஆற்றில் விடுவது சட்டப்படி குற்றம். உயிரோடு வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். காரில் கொண்டுவந்ததும்.

சுகந்தி: பாவம் என்றுதானே விட்டோம் 😳

குமரன்: விட்டதும் பிழை, கொண்டுவந்ததும் பிழை 😂

ரவி சித்தப்பா: வெள்ளைக் கொடுக்கு என்றால் பிடித்ததே குற்றம். 1981ஆம் ஆண்டுச் சட்டம்.

மாலா சித்தி: காளான் பிடுங்கப் போய்த் தண்டம் கட்டினவர் சட்டம் கதைக்கிறார்

ரவி சித்தப்பா: அது வேறு விசயம் மாலா

தேவி மாமி (ஊர்): வழுக்கியாற்றில் நண்டு பிடித்துச் சாரத்துக்குள் முடிந்துகொண்டு வந்தவன் இவன். கத்திக்கொண்டு ஓடி வந்தான். எங்கே கடித்தது என்று கேட்காதேங்கோ

குமரன்: 😂😂😂 மாமி, வொய்ஸில் முழுசாகச் சொல்லுங்கோ

மாலா சித்தி: நல்ல கதை. சனிக்கிழமைத் திவசத்துக்கு மண்டபக் காசு யார் யார் தந்தது என்றும் யாராவது சொல்லுங்கள்

சுகந்தி: இதை இப்ப என்ன செய்ய? அபி பேரும் வைத்துவிட்டான்

குமரன்: என்ன பேர்?

சுகந்தி: ரவி

குமரன்: 🙏

ரவி சித்தப்பா: ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் மயங்கிவிடும். அபிக்குச் சொல்ல வேண்டாம்.

சுகந்தி: ஃப்ரீசரில் திவசத்துக்குத் துருவின தேங்காய் இருக்கு சித்தப்பா

தேவி மாமி (ஊர்): அம்மாவின் திவசச் சமையல் நடக்கிற வீட்டில் மச்சமா!!

குமரன்: கூழ் காய்ச்சச் சொன்னது யார் மாமி

தேவி மாமி (ஊர்): அது திவசம் முடிய

ரவி சித்தப்பா: அப்ப குமரன் வீட்டு ஃப்ரீசர்

குமரன்: உயிரோடு காரில் கொண்டுவருவது குற்றம் என்றீர்களே

ரவி சித்தப்பா: இன்னொன்று, இதுதான் முக்கியம். அபி திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தோடு டார்பிஷயர் போகிறான். நேற்றுப் போட்ட பூட்ஸோடு அங்கே ஆற்றில் இறங்கக் கூடாது. ஈரத்தில் அந்த நோய் ஒட்டிக்கொண்டு போகும். வெள்ளைக் கொடுக்கு இன்னும் மிஞ்சியிருக்கிற பக்கம் அது. சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். வலையையும் வாளியையும்.

சுகந்தி: பூட்ஸ் பையில் கட்டினபடியே கிடக்கு. இப்பவே எடுக்கிறேன்

குமரன்: அக்கா, மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். வாலுக்கு அடியில் குலை குலையாக என்னது?

ரவி சித்தப்பா: முட்டை. 200, 300 இருக்கும்.

சுகந்தி: ஐயோ. அப்ப ரவி பெண்ணா

மாலா சித்தி: 😂😂

மாலா சித்தி: மண்டபக் காசு??

குமரன்: நாளைக்குக் கதைப்போம் சித்தி